அடித்தல் திருத்தல்

ஐயா,
"படைப்பணியால் நேர்ந்ததும் அல்ல
படைப்பணியால் முற்றியதும் அல்ல."
எதிர்வீட்டுப் பையன் தமிழில் சொன்னது இவ்வளவுதான்.
மீதி ஒன்றரைப் பக்கமும் விதி எண்கள்.

ஹவில்தார் தெய்வசிகாமணியின் நுரையீரல்
பனிமலையில் கெடவில்லையாம்,
கடலூரில் கெட்டதாம்.
ஓய்வுக்குப் பின் பதினோரு வருஷம்
சிப்காட்டில் சாயக் கம்பெனி வாசலில்
விசிலும் டார்ச்சுமாக நின்றாரே,
அந்தக் காற்றாம்.

அந்தக் காற்றை எனக்குத் தெரியும்.
திசை திரும்பினால் குடிகாட்டில்
கொடித்துணியை வாரிக்கொண்டு உள்ளே ஓடுவோம்.
கம்பெனிக்கும் போனேன்.
எங்கள் புகை யாரையும் ஒன்றும் செய்யாதென்று
கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்.
நீங்களும் இல்லை, அவர்களும் இல்லை என்றால்
எந்த ஊர்க் காற்றை இழுத்து ஐயா
அந்த மனுஷன் செத்தார்?

ஒரே ஒரு தடவை, சோற்றுக்கு நடுவில் சொன்னார்:
பத்தடிக் கூண்டில் ஏழு பேர்.
இரவும் பகலும் மண்ணெண்ணெய் அடுப்பு.
கதவைத் திறந்தால் குளிர் கொல்லும்
மூடினால் புகை.
இறங்கி வந்து மூன்று மாசம்
துப்பினதெல்லாம் மை.
"இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து" என்றார்.

சாட்சி கேட்கிறீர்கள்.
ஏழில் ஒருவர் அங்கேயே பனிக்குள்.
கோட்டயத்து பிஜு போன வருஷம் தவறினார்.
மற்றவர்கள் நம்பர் உபயோகத்தில் இல்லை.

விடுவிப்புப் படிவத்தில்
"உபாதை ஏதேனும் உண்டா?" என்பதற்கு
"இல்லை" என்று அவரே எழுதியிருக்கிறாராம்.
எழுதியிருப்பார்.
உண்டு என்றால் ஆஸ்பத்திரியில் இன்னும் ஒரு மாசம்.
அந்த மாசம்தான் பெரியவளுக்கு மஞ்சள் நீராட்டு.

அறுபத்திரண்டு கடிதம் இருக்கிறது என்னிடம்.
தானே புயலில் நனைந்து ஒட்டிக்கொண்டதை
இஸ்திரிப் பெட்டியால் ஒற்றி ஒற்றிப் பிரித்தவை.
ஒவ்வொன்றிலும் முதல் வரி
"நான் இங்கு நலம்."
வக்கீலம்மா ஒரு கட்டு படித்துவிட்டுச் சொன்னாள்:
"இதைக் காட்டாதீங்க.
இதெல்லாம் அவங்க பக்கத்துச் சாட்சி."

ஒன்றில் மட்டும்
நலத்துக்கு அடுத்த ஒன்றரை வரி
தாள் கிழியும்வரை அடிக்கப்பட்டிருந்தது.
அந்த வயசில் நான் நினைத்தது வேறு.
வெட்கப்பட்டு மடித்து வைத்துவிட்டேன்
இருபத்தேழு வருஷம்.

படைவீரர் நல அலுவலகத்தில் ருக்மாங்கதன் சார்தான்
ஜன்னல் வெயிலில் பிடித்துப் பார்த்தார்.
எழுதிய பேனா வேறு, அடித்த பேனா வேறு.
கறுப்புக்கு அடியில் நீலம்
மெல்ல மேலே வந்தது:
"ராத்திரியில் துப்பினால் கரி...
மூச்சு முழுசாக..."
அதற்கு மேல் வெயிலுக்கும் தெரியவில்லை.

வேறு பேனா.
அப்படியென்றால் உடனே அடிக்கவில்லை.
ஒரு ராத்திரி அந்த வரியை வைத்துக்கொண்டு
படுத்திருந்திருக்கிறார்.
விடிந்ததும் நான் ஞாபகம் வந்திருக்கிறேன்.

ஜெராக்ஸ் எடுத்தோம்.
மூன்று ரூபாய்க்கு மூன்று தடவை.
மூன்றிலும் அந்த இடம் வெறும் கறுப்பு.

"அசலை இணைக்கணும்மா.
போனால் திரும்ப வராது" என்றார் சார்.
அடித்த வரியை அரசாங்கம் படிக்குமா என்று கேட்டேன்.
பேசாமல் ஸ்டேப்ளரைத் தேடினார்.
குத்த வேண்டாம் என்றேன்.
குண்டூசி கேட்டு வாங்கி
எழுத்தில்லாத ஓரமாக நானே செருகினேன்.

ரசீது கொடுத்தார்கள். இதோ நகல்:
மனுதாரர் தெ. அஞ்சலாட்சி.
இணைப்பு: பழைய கடிதம், ஒன்று.
குறிப்பு: அடித்தல் திருத்தல் உள்ளது.